ஓரடி நகர்ந்தால் வானொலி மறுபடி பாடுவது ஏன்?

பினாங்கு வாசகர் ஒருவர் கேட்டிருப்பது இது. தினமும் காலையில் ஜெலுத்தோங்கிலிருந்து நகருக்குள் காரில் வருகிறார். கொம்தார் கோபுரத்தின் அருகே ஜாலான் மெகசின் சமிக்ஞை விளக்கில், வெள்ளைக் கோட்டை ஒட்டி முதல் காராக நிற்க நேர்ந்தால் அரசாங்கத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்.எம். கரகரவென்று இரைகிறது, பாட்டின் ஒரு வரிகூடப் புரிவதில்லை. காரை ஓரடி முன்னால் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல் பாட்டு தெளிந்துவிடுகிறது. அதே கோட்டில் நின்றபடி வேறொரு நிலையத்துக்கு மாற்றினால் அது சுத்தமாக எடுக்கிறது. கார் உதிரிப்பொருள் கடையில் “சிக்னல் வீக்” என்று சொல்லி, அலையைப் பெருக்கும் பூஸ்டர் ஒன்றைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதை இன்னும் பொருத்தவில்லை. கடைசியாக ஒரு துணைக் கேள்வி: கெர்னி டிரைவ் அடுக்குமாடியொன்றில், கடலைப் பார்த்த 18ஆம் மாடியில் இருக்கும் அவருடைய அக்காள் வீட்டில் வானொலி சரியாக எடுப்பதில்லை, அதே வரிசையில் 9ஆம் மாடியில் இருப்பவர்களுக்கு நன்றாக எடுக்கிறதாம். உயரம் கூடினால் நன்றாக அல்லவா எடுக்க வேண்டும்?

கொம்தார் அலையை மறைக்கிறதா என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. ஆனால் அவர் தந்திருக்கும் விவரங்களே ‘மறைப்பு’ என்ற சொல்லுக்கு இடம் கொடுக்கவில்லை. மறைப்பு என்பது நிழல். அறுபது மாடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் கட்டடத்தின் நிழலில் நிற்பவர் ஓரடி எடுத்து வைத்து வெயிலுக்கு வந்துவிட முடியாது. நிழல் விழுந்தால் பக்கத்துப் பக்கத்து அலைவரிசையில் இருக்கும் எல்லா நிலையங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் மங்க வேண்டும். ஒன்று சாக இன்னொன்று பிழைக்காது. ஆகவே உண்மையில் விளக்க வேண்டியது, போதுமான அலை வந்து சேரும் இடத்திலேயே அது எப்படி இல்லாமற் போகிறது என்பதுதான். நான் 1980களின் நடுவில் பட்டர்வொர்த்தில் தொலைக்காட்சிப் பழுது பார்க்கும் பட்டறையொன்றில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு நெடுங்காலம் ஏரியல் கட்டுவதிலும் ஒலிபரப்புக் கருவிகளைப் பராமரிப்பதிலும் இருந்தவன். இந்தக் கேள்வியை வெவ்வேறு வடிவங்களில் நூறு முறையாவது எதிர்கொண்டிருப்பேன்.

வட மாநிலங்களுக்கான அரசாங்க வானொலியின் முக்கியக் கோபுரம் கெடாவில், குனோங் ஜெராய் உச்சியில் இருக்கிறது. 1,200 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட மலை அது. ஜோர்ஜ்டவுனிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 43 கிலோமீட்டர். அங்கிருந்து புறப்படும் அலை உங்கள் காருக்கு ஒரே பாதையில் வருவதில்லை. நேராக வருவது ஒன்று. தட்டையான அடுக்குமாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வருவது ஒன்று. கூரை விளிம்பில் வளைந்து கீழே இறங்குவது ஒன்று. பக்கத்தில் நிற்கும் ரேப்பிட் பஸ்ஸின் தகரப் பக்கத்தில் பட்டு வருவது இன்னொன்று. எஃப்.எம். அலைவரிசை 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளதால், நடுவில் 100 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 3 மீட்டர். இரண்டு பிரதிகள் முகட்டோடு முகடு சேர்ந்து வந்தால் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. ஒன்றின் முகட்டில் மற்றதன் அகடு விழுந்தால், அதாவது பாதைகளின் வேறுபாடு அரை அலைநீளமாக, ஒன்றரை மீட்டராக, அல்லது அதன் ஒற்றைப்படை மடங்காக இருந்தால், ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பள்ளிக்கூடத்தில் இரட்டைப் பிளவு சோதனையில் வெளிச்சக் கோடும் இருட்டுக் கோடும் மாறி மாறி விழுந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஜாலான் மெகசினிலும் அதே கோடுகள்தான் விழுந்து கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியாமல், மீட்டர் அளவில்.

ஓரடி என்ற அளவில் மாயம் எதுவும் இல்லை. முன்னாலிருந்து ஓர் அலையும், அதே வலிமையில் பின்னாலிருந்து ஒரு திரும்பலலையும் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மீட்டருக்கு ஓர் ஊமைப் புள்ளி விழும். அந்தப் புள்ளியில் மிஞ்சுவது பூஜ்யம். அங்கிருந்து 10 சென்டிமீட்டர் விலகினால் தனி அலை ஒன்று மட்டும் வந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வீச்சில், அதாவது அலையின் உயரத்தில், ஏறத்தாழ 40 விழுக்காடு கிடைக்கிறது. 30 சென்டிமீட்டர், அதாவது நம் நண்பரின் ஓரடி, விலகினால் தனி அலையின் வீச்சைத் தாண்டி 118 விழுக்காட்டுக்கு வந்துவிடுகிறோம். ஏற்றம் பரந்த மேடு. இறக்கம் ஊசிப் பள்ளம். அதனால்தான் பெரும்பாலான இடங்களில் நமக்கு எதுவும் தெரிவதில்லை. பள்ளத்தில் சரியாகக் கால் வைத்தால்தான் தெரிகிறது. ஓடும் காரில் இதே பள்ளங்கள் படபடப்பாகக் கேட்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, விநாடிக்குப் பதினொரு பள்ளம்.

இரண்டு அலை என்று சொன்னது வசதிக்காகத்தான். நகரத் தெருவில், ஜெராய் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நேர் அலையே இல்லாமல் பத்துப் பதினைந்து சிதறல்கள் மட்டும் வந்து சேர்வதும் உண்டு. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு கட்டத்தில், அதாவது முகடு அகடுச் சுழற்சியின் ஏதோ ஓரிடத்தில், வரும் இத்தகைய கூட்டத்தின் கணக்கை 19ஆம் நூற்றாண்டிலேயே ரேலீ பிரபு போட்டுவைத்திருக்கிறார். அவர் போட்டது ஒலியலைகளுக்காக. அந்தக் கணக்கின்படி, தெருவில் கண்ணை மூடிக்கொண்டு எங்கே நின்றாலும், நூறு இடங்களில் ஏறத்தாழ பத்தில் திறன் சராசரியின் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியிருக்கும். நூறில் ஓரிடத்தில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. ஜாலான் மெகசினின் அந்த வெள்ளைக் கோடு உங்களைத் தினமும் அதே நூறில் ஓரிடத்தில் நிறுத்துகிறது. நீங்கள் எப்போதும் ஐந்தாவது காராக நிற்பவராக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

பக்கத்து நிலையம் ஏன் பிழைத்துக்கொள்கிறது என்பது என் பார்வையில் இந்தக் கேள்வியின் மிகச் சிறந்த தடயம். பாதை வேறுபாடு 300 மீட்டர் என்று கொள்வோம். 100 மெகாஹெர்ட்ஸில் அந்த 300 மீட்டருக்குள் சரியாக நூறு அலைகள் அடங்குகின்றன. 100.5 மெகாஹெர்ட்ஸில் நூற்றரை அலைகள் அடங்குகின்றன. முழு அலை, அரை அலை என்ற அந்த வித்தியாசம் போதும்: ஒரு நிலையத்துக்குப் பள்ளமாக இருக்கும் இடம் அரை மெகாஹெர்ட்ஸ் தள்ளியுள்ள நிலையத்துக்கு மேடாகிவிடும். வேறு எந்தக் கோளாறும் இத்தனை நுணுக்கமாக ஆள் பார்த்து அடிப்பதில்லை. ஆகவே மின்னலின் ஒலிபரப்பில் குறை எதுவும் இல்லை. நாளைக்கு வேறொரு விளக்கில் மின்னல் தெளிவாகவும் மற்றது கரகரப்பாகவும் இருக்கலாம்.

கரகரப்பின் தன்மையையும் கவனிக்க வேண்டும்; இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் மக்கள் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். அலை வெறுமனே மெலிந்து போனால் கேட்பது ‘உஸ்’ என்ற சீரான இரைச்சல். பாட்டு அதற்கு அடியில் இருந்துகொண்டே இருக்கும். பல வழி வரவால் வரும் கரகரப்பு அப்படியன்று. அது பாடகரோடு சேர்ந்து வரும். குரல் உச்சத்துக்குப் போகும்போதும் ‘ச’, ‘ஸ’ ஒலிகளிலும் கிழிந்து, குரல் தணியும்போது தானும் தணியும். காரணம், எஃப்.எம். முறையில் ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப அலையின் அதிர்வெண் இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை ஊசலாடுகிறது. பாதை வேறுபாடு ஒன்றரை கிலோமீட்டராக இருந்தால் தாமதம் 5 மைக்ரோ விநாடி; அந்தத் தாமதத்தில் ஊசலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் இரு பிரதிகளுக்கும் இடையிலான கட்டம் முக்கால் சுழற்சி சுழன்றுவிடுகிறது. அதாவது, கார் நின்றபடி நிற்க, பாடகரின் குரலே அலையைப் பள்ளத்துக்குள் தள்ளித் தள்ளி எடுக்கிறது. பாதை வேறுபாடு நூறு மீட்டருக்குக் குறைவாக இருந்தால் கட்டம் இருபதில் ஒரு சுழற்சிகூட மாறாது. அப்போது இந்தக் கிழிசல் இல்லை, வெறும் பள்ளம் மட்டும்தான். நண்பர் ‘இரைகிறது’ என்றும் ‘வரி புரிவதில்லை’ என்றும் எழுதியிருப்பதை வைத்து இரண்டும் கலந்திருப்பதாக ஊகிக்கிறேன். இது ஊகம்தான், காதால் கேட்டவனல்லவே.

ஸ்டீரியோவில் இந்தத் தொல்லை கூடுதல். இடது, வலது வேறுபாட்டுச் செய்தி 38 கிலோஹெர்ட்ஸ் துணையலையில், 19 கிலோஹெர்ட்ஸ் வழிகாட்டித் தொனியின் கைப்பிடித்து வருகிறது. கட்டம் குழம்பினால் முதலில் அடிபடுவது அதுதான். அதனால்தான் நல்ல கார் வானொலிகள் அலை கலங்கும்போது தாமாகவே மோனோவுக்கு நழுவிக்கொள்கின்றன. இரு பிரதிகளில் ஒன்று தெளிவாக வலுத்திருந்தால் எஃப்.எம். வானொலி அதைப் பற்றிக்கொண்டு மற்றதைப் புறக்கணித்துவிடும் என்பது இன்னொரு நற்குணம். சரிக்குச் சரி வலுவுள்ள இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும்போதுதான் அதற்குப் பைத்தியம் பிடிக்கிறது.

பழைய தொலைக்காட்சி இருந்த காலத்தில் இதையெல்லாம் கணக்குப் போட்டு நம்ப வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்க்கலாம். திரும்பி வரும் அலை தாமதித்து வருவதால், படத்துக்கு வலப்பக்கம் தள்ளி மங்கலாக இன்னொரு படம் விழும். நிழல் என்போம், சிலர் பேய் என்பார்கள். ஜெலுத்தோங் பக்கம் தரைவீடு ஒன்றில் ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டு, “தம்பி, செய்தி வாசிக்கிற பொண்ணுக்கு ரெண்டு மூக்கு தெரியுது, பார்த்துச் சொல்லு” என்றார். 21 அங்குலப் பெட்டி. பையிலிருந்து பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்து அளந்தேன்; முதல் மூக்குக்கும் இரண்டாம் மூக்குக்கும் இடையே மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல். நம் நாட்டில் அப்போதிருந்த முறையில் படத்தின் ஒரு வரி 52 மைக்ரோ விநாடியில் திரையைக் கடக்கும். அந்தப் பெட்டியின் அகலம் 42 சென்டிமீட்டர். ஆக ஒரு மைக்ரோ விநாடிக்கு 8 மில்லிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் சொச்சம் என்றால் ஏறத்தாழ 4 மைக்ரோ விநாடி. வானொலி அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகிறது. ஆகவே கூடுதல் பாதை 1,200 மீட்டர். ஏரியல் வடக்கே ஜெராயைப் பார்த்திருந்தது. அலை வீட்டைத் தாண்டிப் போய் எதிலோ மோதித் திரும்பியிருந்தால், அந்த எதுவோ 600 மீட்டர் தெற்கே இருக்க வேண்டும். கூரை மேல் ஏறித் திரும்பிப் பார்த்தேன். ஏறக்குறைய அந்தத் தூரத்தில், ஜெராய்க்கு முகம் காட்டிக்கொண்டு, புதிதாக எழும்பிய அடுக்குமாடியொன்று சுவர் போல் நின்றது. திரையின் ஓரங்கள் சட்டத்துக்குள் கொஞ்சம் மறைந்திருக்கும் என்பதால் இந்த ஸ்கேல் கணக்கில் பத்துக்கு ஒன்று பிசகலாம். ஆனாலும் ஆளைப் பிடிக்க அது போதும்.

அந்த வீட்டில் நான் செய்தது ஏரியலை ஜெராயிலிருந்து சற்றே திருப்பி வைத்ததுதான். இதை வீட்டுக்காரர்கள் நம்பவே மாட்டார்கள். கோபுரத்தைப் பார்த்தல்லவா திருப்ப வேண்டும் என்பார்கள். கூரைமேல் குறுக்குக் கம்பிகளோடு நிற்கும் யாகி ஏரியலுக்கு முன்பக்கம் கேட்கும் திறன் பரந்தது. பத்துப் பன்னிரண்டு டிகிரி திருப்பினாலும் நேர் அலை பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் பின்பக்கத்தில் அதற்குச் சில செவிட்டுத் திசைகள் உண்டு, அவை குறுகலானவை. அந்தச் செவிட்டுத் திசையொன்றை அடுக்குமாடி மேல் விழச் செய்தால் நிழல் மறைந்துவிடும். ஏரியலை நல்ல அலையை நோக்கித் திருப்புவதைவிடக் கெட்ட அலைக்கு முதுகு காட்டுவதே முக்கியம் என்பதை நான் தொழிலில் கற்றுக்கொள்ள மூன்று ஆண்டுகள் பிடித்தன.

ஸ்கேல் வைத்து அளந்த என்னை யாரும் பெரிய ஆளாக நினைக்க வேண்டாம். இதே வித்தையால் வானத்தையே அளந்தவர்கள் இருக்கிறார்கள். 1924 டிசம்பர் 11ஆம் நாள் இரவு, எட்வர்ட் ஆப்பிள்டனும் மைல்ஸ் பார்னெட்டும், இங்கிலாந்தின் போர்ன்மத் பி.பி.சி. நிலையம் அதிர்வெண்ணை மெல்ல மாற்றிக்கொண்டே அனுப்பிய அலையை ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து கேட்டார்கள். தரையோடு வரும் அலையும் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலையும் மாறி மாறிக் கூடுவதையும் குறைவதையும் எண்ணி, திருப்பியனுப்பும் அடுக்கு தரைக்கு மேல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். ஆப்பிள்டனுக்கு 1947இல் நோபல் பரிசு கிடைத்தது. சிற்றலையில் இரவு நேரத்தில் வெளிநாட்டுத் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பழகிய அனுபவம்: பாட்டு அலையலையாக ஓங்கி, தேய்ந்து, மறுபடி ஓங்கும். என் அப்பா பிறை ஊரில் அந்த வானொலிப் பெட்டியின் தலையில் தட்டிக்கொண்டே இருப்பார். தட்டினால் வந்துவிடும் என்றுதான் வெகுநாள் நானும் நம்பியிருந்தேன். தட்டாவிட்டாலும் அது வந்திருக்கும்.

அக்காள் வீட்டுக்கு வருவோம். அங்கே திருப்பியடிப்பது கடல்தான் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. கெர்னி டிரைவிலிருந்து ஜெராய் ஏறத்தாழ 41 கிலோமீட்டர். இடையில் வடக்குக் கால்வாயின் திறந்த நீர். ஒன்றிரண்டு டிகிரிக் கோணத்தில் சாய்ந்து வரும் அலைக்கு நம் நீரிணையின் சின்னச் சின்ன நீரலைகள் பொருட்டே அல்ல. அதற்குக் கடல் ஒரு கண்ணாடித் தட்டு. இத்தனை சாய்வாக நீரில் பட்டுத் திரும்பும்போது அலை தலைகீழாகிறது, முகடு அகடாகிறது. பூமியின் வளைவைக் கழித்து மலையின் உயரத்தை 1,100 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், நேர் அலைக்கும் கடலில் பட்ட அலைக்கும் உள்ள பாதை வேறுபாடு, நீங்கள் நிற்கும் உயரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஐந்து சென்டிமீட்டர் சொச்சம் என்ற கணக்கில் கூடிக்கொண்டே போகும். ஏறத்தாழ 28 மீட்டர் உயரத்தில் வேறுபாடு ஒன்றரை மீட்டர். தலைகீழாக்கமும் அரை அலையும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, இரு அலைகளும் கைகோத்துக்கொள்கின்றன. ஏறத்தாழ 56 மீட்டரில் வேறுபாடு முழு அலைநீளம். தலைகீழாக்கம் மட்டும் மிஞ்ச, இரண்டும் அழித்துக்கொள்கின்றன. மாடிக்கு 3 மீட்டர் என்றால் முதலாவது 9ஆம் மாடி, இரண்டாவது 18ஆம் மாடியை ஒட்டியது. அக்காள் சொன்னதை நம்புகிறேன்.

தொலைக்காட்சி அலைவரிசையில், 600 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால், அலைநீளம் அரை மீட்டர்தான். அங்கே மேடும் பள்ளமும் ஒன்பது, பத்து மீட்டருக்கு ஒரு முறை, அதாவது மூன்று மாடிக்கு ஒரு முறை வந்துவிடும். இதனால் வரும் வேடிக்கை ஒன்று உண்டு. கணக்கில் உயரம் என்பது தரையிலிருந்து அளப்பதன்று, நீர்மட்டத்திலிருந்து அளப்பது. பெரிய ஏற்றவற்ற நாள்களில் நம் கடல் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்குகிறது. பத்து மீட்டர்ச் சுழற்சியில் 2 மீட்டர் என்பது அலட்சியப்படுத்தக்கூடிய அளவன்று. பள்ளத்தின் விளிம்பில் இருக்கும் வீட்டில் காலையில் எடுத்த அலைவரிசை மாலையில் எடுக்காமல் போவதற்கும், அடுத்த நாள் அந்த நேரம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளிப்போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். தஞ்சோங் தொக்கோங் பக்கம் வாடிக்கையாளர் ஒருவர் எழுதிவைத்திருந்த நேரக் குறிப்புகளை மீனவர்களின் ஏற்றவற்ற அட்டவணையோடு ஒப்பிட்டபோதுதான் எனக்கு இது உறைத்தது. அதற்கு முன் இரண்டு முறை அவர் வீட்டு வயரைக் குற்றம் சொல்லி மாற்றியிருந்தேன். அந்த இரண்டு முறைக்கும் கூலியும் வாங்கியிருந்தேன்.

ஆனால் அக்காள் வீட்டைப் பற்றிய இந்தக் கணக்கு பலகணியில் வைத்த வானொலிக்குத்தான் பொருந்தும். அறைக்குள் வைத்தால் சுவர், குளிர்சாதனப் பெட்டி, அலமாரிக் கண்ணாடி என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு திரும்பலை அனுப்பும்; கடலின் ஒழுங்கான மேடு பள்ளம் அதில் கரைந்துவிடும். பலகணியிலும் மோசம், ஆனால் வானொலியைக் கைப்பிடிச் சுவரிலிருந்து தரைக்கு இறக்கினால் மாற்றமில்லை என்றால் கடலைச் சந்தேகிக்கலாம், ஏனெனில் எஃப்.எம்.மில் கடல் பள்ளம் செங்குத்தாகப் பல மீட்டர் அகன்றது. கையை நீட்டி ஓரடி தள்ளி வைத்ததும் தெளிந்தால் கடலுக்குச் சம்பந்தமில்லை, அறையின் திரும்பல்கள்தான்.

2019இல் நம் தொலைக்காட்சி முழுதும் டிஜிட்டலுக்கு மாறிய பிறகு இரட்டை மூக்கு யாருக்கும் தெரிவதில்லை. அந்த முறையில் செய்தி ஆயிரக்கணக்கான மெல்லிய துணையலைகளில் பிரித்து அனுப்பப்படுகிறது; பள்ளத்தில் சில துணையலைகள் விழுந்தாலும் மற்றவற்றைக் கொண்டு பிழை திருத்திக்கொள்ள முடிகிறது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்னால் ஒரு காவல் இடைவெளி விடப்படுவதால் அதற்குள் வந்து சேரும் தாமதப் பிரதிகள் கெடுதல் செய்வதில்லை. ஆனால் பள்ளம் ஆழமாக, அலைவரிசை முழுவதையும் விழுங்கும் அளவுக்கு அகன்றதாக இருந்தால், படம் மங்கி எச்சரிக்கை தராது. கட்டம் கட்டமாக உடைந்து சட்டென்று நின்றுவிடும். வீட்டு வை-ஃபையில் இன்னும் ஒரு படி மேலே போய், பல ஏரியல்களை வைத்துக்கொண்டு, திரும்பி வரும் வழிகளையே தனித்தனிப் பாதைகளாகப் பயன்படுத்துகிறார்கள். எஃப்.எம்.முக்கு அந்த வசதிகள் எதுவும் இல்லை.

இனி பூஸ்டர். அது தன்னிடம் வருவதைப் பெருக்கும். நேர் அலை எது, திரும்பிய அலை எது என்று அதற்குத் தெரியாது. இரண்டும் கழிந்து மிஞ்சிய சொற்பத்தைப் பத்து மடங்கு பெருக்கினால் பத்து மடங்கு கரகரப்புதான் கிடைக்கும். நகருக்குள் வேறொரு கெடுதலும் உண்டு: பக்கத்திலிருக்கும் வலுவான ஒலிபரப்பிகளின் அலையையும் அது பெருக்கி, வானொலியின் முன்பகுதியைத் திணறடித்து, இல்லாத இடத்தில் நிலையங்கள் தோன்றச் செய்யும். நெடுந்தூரக் கம்பியில் அலை தேய்ந்து போகும் வீட்டு ஏரியலில், கம்பத்தின் உச்சியிலேயே வைத்தால் பூஸ்டருக்குப் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஜாலான் மெகசினில் அதற்கு வேலை இல்லை.

கொம்தாருக்கும் ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் எது எடுக்காவிட்டாலும் அதன் தலையில்தான் விழுகிறது. உருளை போன்ற கோபுரம் தன்மேல் பட்ட அலையை எல்லாத் திசைக்கும் மெல்லிதாகத் தெளித்துவிடுகிறது. ஒரே திசையில் கனமாகத் திருப்பியடிப்பது தட்டையான முகங்கள்தான். அதன் அடித்தளக் கட்டடங்களும் சுற்றியுள்ள கடைவீட்டு வரிசைகளும் விடுதிகளும் அதைவிடப் பெரிய சந்தேக நபர்கள். உங்கள் கோட்டில் எது குற்றவாளி என்பதை இங்கிருந்து சொல்ல என்னால் முடியாது. திசை காட்டும் ஏரியலோடு அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும், சமிக்ஞை விளக்கில் போலீஸ்காரர் அதற்கு நேரம் கொடுக்க மாட்டார்.

பல வழி வரவுதான் என்று நான் உறுதியாகச் சொல்வது, ஓரடியில் மாறுவது, ஒரு நிலையத்தை மட்டும் தாக்குவது என்ற இரண்டு அடையாளங்களும் சேர்ந்திருப்பதால்தான். அவை சேராதபோது வேறு காரணங்களைத் தேட வேண்டும். எஞ்சினை உறுமவிட்டால் இரைச்சலின் சுருதி ஏறுகிறது என்றால் அது காரின் மின்சாரத்திலிருந்து வருவது. கைப்பேசி சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் காரணம் சார்ஜர். எல்லா நிலையங்களும் ஒருசேர, எல்லா இடத்திலும் மெலிந்திருந்தால் ஏரியலின் அடிப்பகுதியைக் கழற்றிப் பாருங்கள்; நம் ஊர் உப்புக்காற்றில் அந்தத் திருகுக்கு அடியில் பச்சையாகவோ செம்மையாகவோ துரு பிடித்திருக்கும், சுரண்டிவிட்டு இறுக்கினாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். உங்கள் காரில் இந்த அடையாளம் எதுவும் இல்லை. கோட்டுக்கு ஓரடி பின்னால் நிறுத்திப் பாருங்கள். முன்னால் நகர்ந்து கோட்டைத் தாண்டுவதைவிட அது நல்லது, பள்ளத்துக்கு இரு பக்கமும் மேடுதான். பூஸ்டர் இன்னும் பெட்டியோடு இருப்பதால், ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.